முன்கையில் ஒரு நாள்

புதிய சோப்பு எதையும் நான் உடனே உடம்பில் போட்டுக்கொள்வதில்லை. முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் காத்திருப்பேன். முழங்கை மடிப்பிலும் கழுத்திலும் சிறு வயதிலிருந்தே கரப்பான் படை வந்துபோகும் தோல் என்னுடையது. பெட்டியின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்கும் வழக்கம், தமிழ் இலக்கியம் படிக்கச் சேர்வதற்கு வெகு முன்பே எனக்கு வந்துவிட்டது. ஒரு பாட்டுக்கு இரண்டு சுவடிகளில் இரண்டு பாடங்கள் இருந்தால், எது மூலத்துக்கு அருகில் என்று வகுப்பில் வாதிடுகிறோம். ஷாம்பு பாட்டிலையும் நான் அதே கண்ணோடுதான் படிப்பேன். வீட்டில் இதற்காக எனக்குக் கிடைப்பது கேலி. கேலியில் முதலிடம் என் மதினிக்கு, அதாவது அண்ணனின் மனைவிக்கு.

"எங்க நாத்துனா கல்யாணத்துக்கு மாப்பிள்ளையவும் ஒரு நாள் கையில தடவிப் பாத்துட்டுத்தான் சம்மதிப்பா" என்று கல்யாண வீட்டுப் பந்தியிலேயே சொல்லியிருக்கிறாள்.

அப்படிச் சொன்னவள்தான் சென்ற சித்திரை விடுமுறையில், எங்கள் திராட்சைப் பந்தலுக்குக் கீழே, என்னிடம் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்துத் தரும்படி கேட்டாள். கேட்டபோது அவள் சிரிக்கவில்லை. அதிலிருந்தே விஷயம் சாதாரணமானதல்ல என்று எனக்குப் புரிந்தது.

எங்கள் வீடு சுருளிப்பட்டியில். அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய மூன்று வயது மகள் ஆகியோர் அங்கே இருக்கிறார்கள். நான் தேனியில் விடுதியில் தங்கி முதுகலை படிக்கிறேன். விடுமுறைக்கு மட்டும் வருவேன். அண்ணன் கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டுகிறான். விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டிய வேலை. "காலையில எந்திரிக்கிற சத்தத்துல புள்ள முழிச்சிருது" என்று சொல்லி அவன் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கத் தொடங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. அம்மா அதை நம்பவில்லை. புருஷன் வெளியே படுத்தால் அதற்குக் காரணம் உள்ளே படுத்திருப்பவள்தான் என்பது அம்மாவின் சித்தாந்தம். மருமகள் சோறு போடும்போதும், துணி காயப்போடும்போதும், அந்தச் சித்தாந்தத்தின் துணுக்குகள் அவள் காதில் விழுந்துகொண்டே இருந்தன.

நானும் வேறு மாதிரி யோசித்தவளல்ல. எங்கோ ஒரு சண்டை, தானாகத் தீரும் என்று நினைத்துக்கொண்டு என் புத்தகத்துக்குள் போய்விடுவேன்.

அன்று மதினி கொடியில் நெருக்கமாகக் காய்த்த குலைகளில் பொடிக்காய்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். வெறுங்கையோடு செய்தாள். போன வருடம் வரைக்கும் சிவப்பு ரப்பர் கையுறை போட்டிருப்பாள். அதைக் காணோமே என்று கேட்டேன்.

"அதப் போட்டுத்தான் பிள்ள கை வெந்துச்சு" என்றாள். "நான் கொடிக்கு அடிக்கிற மருந்துதான் கையப் புண்ணாக்குதுன்னு நெனச்சுக் கையுறைய வாங்கிப் போட்டேன். அது இன்னும் மோசமாச்சு. ஒண்ணுக்கு ரெண்டாப் போட்டேன். தேனியில தோல் டாக்டரம்மா பாத்துட்டு, ரப்பர்தான் ஒனக்கு ஆகாது, அதக் கழட்டுன்னாக."

கத்தரி நின்றது. பக்கத்துப் பந்தலில் யாரும் இல்லை என்பதைக் குனிந்து பார்த்து உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"கைக்கு மட்டும் ஆகாதுன்னா பரவால்லையே."

அதற்குப் பிறகு அவள் சொன்னதை நான் கோவையாக எழுதுகிறேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. குழந்தை பிறந்த பின் அடுத்தது சற்றுத் தள்ளிப்போகட்டும் என்று இருவரும் முடிவெடுத்திருக்கிறார்கள். அதற்குப் பயன்பட்ட ஆணுறையும் ரப்பர்தான். ஒவ்வொரு முறையும் எரிச்சல், இரண்டு மூன்று நாளுக்கு நடக்கவே சிரமம். அவள் அதை உடம்புச் சூடு என்று நினைத்தாள். எங்கள் பக்கத்தில் கண் எரிந்தாலும் சூடு, முடி கொட்டினாலும் சூடு. வெந்தயம் ஊறவைத்துக் குடித்தாள், நுங்கு தின்றாள், வெள்ளிக்கிழமை தோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தாள். எரிச்சல் மட்டும் தணியவில்லை. அண்ணனுக்கு அவள் படும் வேதனை தெரிந்தது. என்ன செய்வதென்று தெரியவில்லை. கைபேசியில் வந்த விளம்பரத்தைப் பார்த்து, பெண்களுக்கான ஓர் அந்தரங்கக் கருவியை அவனாகவே வரவழைத்துக் கொடுத்திருக்கிறான். அவளுக்கு வலிக்காத வழி ஏதாவது இருக்காதா என்றுதான்.

"ஆசையா வாங்கியாந்தாக" என்றாள். "அது உறையவிட மோசமா எரிஞ்சுச்சு. நான் அழுதுட்டேன் பிள்ள. அழுதுருக்கக் கூடாது. அன்னையிலருந்து அவுக பயந்துட்டாக. தொட்டாலே எனக்கு வலிக்கும்னு நெனச்சுக் கூடத்துல போய்ப் படுத்துட்டாக. புள்ள முழிக்கிறதெல்லாம் சும்மா. எரியாத மாதிரி ஒண்ணு நீ பாத்து எடுத்துக் குடு பிள்ள."

நான் ஒரு நிபந்தனை விதித்தேன். எந்த உதவியும் செய்கிறேன். ஆனால் இந்தப் பேச்சில் என் அண்ணன் வரக் கூடாது. அவள் தலையாட்டினாள். ஐந்து நிமிடம் கழித்து, "அவுகளுக்கு இந்தக் கலருன்னா பிடிக்கும்" என்றாள். நிபந்தனை அதோடு முடிந்தது.

அந்தப் பழைய பொருளை ஒரு மாவு டப்பாவில் போட்டு, பரணில் வைத்திருந்தாள். அம்மா தோட்டத்துக்குப் போன மதியத்தில் எடுத்துக் காட்டினாள். மூடியைத் திறந்ததும் புதுச் செருப்புக் கடையில் நுழைந்தது போன்ற வாடை. இளஞ்சிவப்பு நிறம். மேலே எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. டப்பாவின் அடியில் அந்த எண்ணெய் ஒரு வட்டமாகத் தேங்கியிருந்தது. இரண்டு பாதிகளை ஒட்டிய தடம் கூர்மையாக, நகத்தில் இடறியது. பெட்டியில் இன்னமும் இருந்த காகிதத்தை வாசித்தேன். 'சிலிக்கான் போன்ற மென்மை' என்று இருந்தது.

"மதினி, இது சிலிக்கான் இல்ல. 'போன்ற'ன்னு போட்டுருக்கான்."

"ஏன், அப்ப என்னவாம்?"

"மெதுவாக்குறதுக்கு எண்ணெ கலந்த பிளாஸ்டிக்கு. அந்த எண்ணெதான் வெளிய வருது. இதக் கையில கூடத் தொடாத."

அவள் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள்: "ஒரு வார்த்தையில ஏமாத்திட்டானே, படுபாவி."

அடுத்த மூன்று மதியங்களை நாங்கள் பந்தலுக்குக் கீழே, ஒரு கைபேசிக்கு இரண்டு தலைகளாகச் செலவழித்தோம். இணையக் கடைகள் அந்தப் பொருள்களை 'மசாஜர்' என்றோ, 'அந்தரங்க விளையாட்டுப்பொருள்' என்றோ குறிப்பிடுகின்றன. முதல் பெயரில் கூச்சமும் இரண்டாவது பெயரில் அசட்டுத்தனமும் இருப்பதாக எனக்குப் பட்டது. மதினி 'அந்தப் பொருளு' என்றாள். பேச்சு தொடங்கிய முதல் மதியம் என் காதுமடல்கள் சூடாகவே இருந்தன. இரண்டாம் மதியம் அந்தக் கூச்சம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒருவேளை, மூலப்பொருள்களின் பட்டியல் எதுவும் யாரையும் வெட்கப்படவைப்பதில்லை என்பதால் இருக்கலாம்.

நான் தேடியது முதலில் சொல்லின் துல்லியம். 'உடலுக்குப் பாதுகாப்பானது' என்று எவரும் எழுதலாம். 'மருத்துவத் தரச் சிலிக்கான்' என்று எழுதி, அதோடு வேறு எதுவும் கலக்கவில்லை என்றும் எழுதியிருப்பவர்கள் குறைவு. அப்படிப்பட்ட சிலிக்கானில் நுண்துளைகள் இல்லை, கழுவினால் அழுக்கு தங்காது, வாடையும் இருக்காது. வாங்கியவர்கள் எழுதிய கருத்துகளில் 'வாடை' என்ற சொல் வந்த பொருள்களை எல்லாம் தள்ளினேன். படத்தைப் பெரிதாக்கி ஒட்டுத் தடம் இருக்கிறதா என்று பார்த்தேன். கண்ணாடியில் செய்ததும் தோலுக்குத் தீங்கற்றது என்று படித்துச் சொன்னபோது, "போ பிள்ள, ஒடஞ்சு தொலஞ்சா ஆஸ்பத்திரியில என்னன்னு சொல்றது" என்றாள். உடையாத வகைக் கண்ணாடி என்றேன். "எங்க வீட்டு ஒடையாத தட்டு எத்தன ஒடஞ்சிருக்கு?" அந்தப் பக்கத்தை மூடினேன்.

எனக்குத் தோன்றாத ஒன்று அவளுக்குத் தோன்றியது. நான் கிட்டத்தட்ட முடிவு செய்திருந்த ஒரு கருவியின் அடியில் இரண்டு உலோகப் புள்ளிகள் இருந்தன. அவற்றின் வழியாகத்தான் சார்ஜ் ஏறும். அவள் படத்தில் விரலை வைத்தாள்.

"இது என்ன, கவரிங்கா?"

கவரிங் தோடு போட்டால் அவளுக்குக் காதில் நீர் வடியும். பொன்னைத் தவிர எதுவும் ஆகாது. அந்தப் புள்ளிகளில் நிக்கல் பூச்சு இருக்கலாம் என்பது எனக்கு உறைத்தபோது, இத்தனை படித்தும் இதை விட்டுவிட்டோமே என்று வெட்கமாக இருந்தது. சார்ஜ் ஏறும் இடத்தைச் சிலிக்கான் மூடியே மறைக்கும்படியான இன்னொன்றைத் தேடினோம். கிடைத்தது. விரல் நீளம், விரலி மஞ்சள் பருமன், நுனி வட்டம். அதிர்வு மிகக் குறைந்த நிலையிலிருந்து தொடங்கும். வெளியே வைத்தாலே போதும், உள்ளே எதையும் வருத்த வேண்டியதில்லை. அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. விலை பழையதைவிடக் கூடுதல்தான். அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

வழுவழுப்புக்கான திரவத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம் வந்தது. 'குளிர்ச்சி தரும்' என்று எழுதிய ஒன்றை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இதப் போடு. எனக்குச் சூட்டு ஒடம்பு."

"அது புதினாச் சத்து மதினி. உதட்டுல பட்டாலே சுரீர்ங்கும்."

"குளிர்ச்சின்னுதான போட்டுருக்கான்?"

"சிலிக்கான்னும்தான போட்டிருந்தான்."

அவள் என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, வாசனையோ கிளிசரினோ சேராத ஒன்றை வாங்குவது என்று முடிவானது. தேங்காய் எண்ணெய் போதாதா என்று கேட்டாள். சிலிக்கானை அது கெடுக்காது, ஆனால் உள்ளே போகிற எதையும் டாக்டரைக் கேட்காமல் தடவாதே என்றேன். ரப்பர் கலக்காத உறையும் இருப்பதாகப் படித்துச் சொன்னேன். "இம்புட்டு நாளா இதெல்லாம் இருந்துருக்கு" என்றாள். பிறகு, சட்டென்று பழைய மதினியாகி, "ஒனக்கும் ஒண்ணு சேத்துப் போடுறது, நாத்துனா?" என்று கண்ணைச் சிமிட்டினாள். நான் பதில் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.

ஊருக்கு வரும் பார்சல் எல்லாம் உரக்கடையில்தான் இறங்கும். கடைக்காரர் பெட்டியைக் குலுக்கிப் பார்த்து, உள்ளே என்னவென்று ஊகித்து, வழியில் போகிறவர்களிடமும் அபிப்பிராயம் கேட்ட பிறகே உரியவருக்குச் சொல்லியனுப்புவார். அதனால் தேனியில் கூரியர் அலுவலகத்திலேயே வாங்கிக்கொள்வதாக எழுதினேன். நூலகத்துக்குப் போகிறேன் என்று சொல்லிப் பேருந்தில் போய் வாங்கி, தொல்காப்பிய உரைகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். வாடை இல்லை. ஒட்டுத் தடம் இல்லை. வாசனையில்லாத சோப்பில் கழுவித் துடைத்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் தவறு. தவறு என்று அப்போது தெரியாது. என் முறைப்படியே, முதலில் முன்கையில் ஒரு நாள் கட்டிப் பார்க்கச் சொன்னேன். காலையில் அந்தத் திரவத்தை ஒரு பொட்டு தடவி, அதன் மேல் கருவியை வைத்து, மணிக்கட்டுக்குச் சற்று மேலே மதினி ஒரு துணியைச் சுற்றிக் கட்டினாள். பழைய வேட்டித் துணிதான். ஆனால் மஞ்சள் தேய்த்துக் குளித்த கை. துணி அரைமணி நேரத்தில் மஞ்சளாகிவிட்டது.

அது ஊரில் அம்மனுக்குத் திருவிழா சாட்டியிருந்த வாரம். நேர்ந்துகொண்டவர்கள் விரலி மஞ்சளை மஞ்சள் துணியில் முடிந்து கையில் காப்புக் கட்டிக்கொள்ளும் காலம். காப்புக் கட்டியவர் வீட்டில் கவுச்சி சமைக்க மாட்டார்கள். கணவனும் மனைவியும் தள்ளிப் படுப்பார்கள். திருவிழா முடியும்வரை காப்பை அவிழ்க்கக் கூடாது.

மதியம் அம்மா தோட்டத்திலிருந்து வந்தபோது மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். சேலைத் தலைப்பு விலகியிருந்தது. நான் உள்ளறையில் இருந்தேன். அம்மாவின் குரல் மாறியதைக் கேட்டுத்தான் எட்டிப் பார்த்தேன்.

"ஏத்தா... காப்பா கட்டிருக்க?"

மதினி கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை அம்மா அடக்கம் என்று எடுத்துக்கொண்டாள்.

"யார்ட்டயும் ஒரு வார்த்த சொல்லாமக் கட்டிருக்கியே. எம்மகன் வெளிய படுக்கானேன்னுதான கட்டுன? நான் என்னென்னமோ பேசிட்டேன்த்தா" என்று, துணியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அதன் பருமனைத் தடவிப் பார்த்து, "கெழங்கு பெருசா எடுத்துருக்க. நல்லதுதான்" என்றாள்.

அன்று சாயங்காலம் மதினியும் நானும் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்த்துப் பார்த்தோம். தோல் தெளிவாக இருந்தது. சிவப்பில்லை, தடிப்பில்லை, அரிப்பில்லை. கட்டிய அடையாளமாகத் துணியின் வரி மட்டும் பதிந்திருந்தது. அவள் அந்த இடத்தை விரலால் இரண்டு மூன்று தடவை நீவினாள். கண் கலங்கிவிட்டது. அதே நேரத்தில் கூடத்தில் அம்மாவின் குரல் கேட்டது.

"ஏலே, இனி திருவிழா முடியிற மட்டும் உள்ள போகாத. அவ காப்புக் கட்டிருக்கா. மீனு, கறி எதுவும் இந்த வீட்டுக்குள்ள வரக் கூடாது."

"எனக்கெதுக்கும்மா வெரதம்? நானா கட்டுனேன்?"

"பொண்டாட்டி ஒனக்காகத்தான்லே கட்டிருக்கா. வாயப் பொத்திக்கிட்டு மோர ஊத்தித் தின்னு."

வேறு வழி தெரியவில்லை. நான் அடுப்படியிலிருந்து ஒரு விரலி மஞ்சளை எடுத்துவந்தேன்; அவள் அதே துணியில் வைத்து மறுபடி கட்டிக்கொண்டாள். கருவி என் புத்தகப் பையில் இருந்தது.

அடுத்த ஐந்து நாளும் அந்த வீட்டில் மதினிக்குக் கிடைத்த மரியாதை, கல்யாணமாகி வந்த நாளிலும் கிடைத்ததில்லை. அம்மா தானே எழுந்து காப்பி போட்டாள். மருமகள் குனிந்து குடம் தூக்கினால் ஓடிவந்து வாங்கினாள். பக்கத்து வீட்டில் போய், "எம்மருமக மாதிரி வருமா" என்று சொல்லிவிட்டு வந்தாள். அவள் பரிவாக இருக்க இருக்க மதினிக்குச் சோறு இறங்கவில்லை.

"பொய்க் காப்பு கட்டிக்கிட்டு ஆத்தா கோயில் முன்னாடி எப்படிப் பிள்ள நிப்பேன்?" என்றாள் என்னிடம். "அதுகூடப் பரவால்ல, மாரியாத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம். அன்னைக்கு மோர்ச்சோறு திங்கிறப்ப அவுக மொகத்தப் பாத்தியா? ஒரு நிம்மதி தெரிஞ்சுச்சு. உள்ள வராம இருக்குறதுக்கு ஒரு காரணம் கெடச்ச நிம்மதி. இது இப்படியே பழகிப்போச்சுன்னா? திருவிழா முடிஞ்சப்பறமும் அவுக வெளியவே கெடந்துட்டா?"

நான் பார்த்திருந்தேன். அதை நிம்மதி என்று புரிந்துகொள்ளத்தான் எனக்குத் தெரியவில்லை. என் அண்ணன் மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே, சண்டையில் தோற்றவனைப் போலவும் தப்பியவனைப் போலவும் இருந்தான்.

அம்மாவிடம் நானே சொல்வதாக முன்வந்தேன். கோயில், காப்பு, தோல் என்று மூன்று வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கியும் வைத்தேன். ஆறாம் நாள் அம்மா கம்பத்துச் சந்தைக்குப் போய்விட்டு ஒரு புது மண்சட்டியோடு வந்தாள். மருமகள் அக்கினிச்சட்டி எடுக்க வேண்டும். கூடவே தானும் நடந்து வருவதாகச் சொன்னாள். சட்டியை அடுப்படித் தரையில் வைத்தாள். அதில் வேப்பிலை ஒரு கொத்து.

நான் அடுக்கி வைத்த வாக்கியங்கள் ஒன்றுகூட வாயில் வரவில்லை. மதினிதான் பேசினாள். உட்கார்ந்தபடியே, கையை முன்னால் நீட்டிக்கொண்டு.

"அத்த, இது காப்பு இல்ல."

"என்னது?"

"எனக்கு ரப்பர் ஆகாதுன்னு டாக்டரம்மா சொன்னாகள்ல. தோலுக்கு ஆகுற ஒரு பொருள வாங்கி, ஒத்துக்குதான்னு கட்டிப் பாத்தேன். நீங்க காப்புன்னுட்டீக. எனக்கு வாய் வரல."

அம்மாவின் முகம் இறுகியது. "ஆத்தா காரியத்துலயா வெளையாடுற? அஞ்சு நாளா நான் ஊரெல்லாம் சொல்லிட்டு வந்துருக்கேன்! அப்படி என்ன பொருளு?"

மதினி தரையைப் பார்த்தாள். ஆனால் குரல் தெளிவாகவே வந்தது. "எனக்கும் அவுகளுக்கும் உள்ளது அத்த. புள்ள பெறந்ததுலருந்து எனக்கு எரியும். நெருப்பு வச்சாப்புல எரியும். அதான் அவுக வெளிய படுக்காக. என்மேல கோவமில்ல. எனக்கு நோகும்னுதான்."

அடுப்பில் உலை கொதித்து மூடியைத் தள்ளியது. அம்மா எழுந்து போய்த் தீயைக் குறைத்தாள். அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் என்ன யோசித்தாள் என்று நான் இங்கே ஊகித்து எழுதலாம். எழுதினால் அது என் கற்பனையாகத்தான் இருக்கும்.

"மூணு வருசமாவா?" என்றாள், திரும்பாமல்.

"ஆமா அத்த."

"நான் பேசுனதையும் கேட்டுக்கிட்டு."

அம்மா வந்து மதினியின் முன் உட்கார்ந்தாள். கையைப் பிடித்து முடிச்சைத் தேடினாள். ஈரத்தில் நனைந்து இறுகிய முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தாள்.

"பூசாரி கட்டுனாத்தான் காப்பு. நீயாக் கட்டுனது வெறுந்துணி. அதுல ஆத்தாளுக்கு என்ன கோவம்?" மஞ்சள் கிழங்கைத் தூக்கி அஞ்சறைப் பெட்டியில் போட்டாள். "அந்தச் சட்டிய நானே எடுக்கேன். ஊருல கேட்டா, அவளுக்கு ஒடம்புக்கு முடியல, மாமியாக்காரி எடுக்கான்னு சொல்லிக்குவோம். அது பொய்யுமில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் மூச்சு விட்ட நேரம்.

"இதெல்லாம் நீ வாங்கிக் குடுத்ததாக்கும்?"

"ஆமாம்மா."

"படிக்கப் போன எடத்துல இதத்தான் படிச்சியா?" என்றாள். நான் பதில் தேடுவதற்குள், "அப்ப நீயே போயி ஒங்கண்ணங்கிட்டச் சொல்லு, உள்ள படுக்கச் சொல்லி. நான் சொல்ல முடியாது. பெத்தவ சொல்ற பேச்சா அது?" என்று, முறத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள். மதினி முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு சிரித்தாளா, அழுதாளா என்று பிரித்துச் சொல்ல முடியாது. இரண்டும் இருந்தன.

அண்ணனிடம் நான் சொன்னது இவ்வளவுதான்: "விரதம் கிடையாதாம். அம்மா உன்னைக் கூடத்துல படுக்க வேணாம்னுச்சு." அவன் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, சரி என்றான். ஏற்கெனவே துடைத்த கண்ணாடி அது. மீதியை மதினியே அவனிடம் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்து, கருவியை மதினியிடம் கொடுத்துவிட்டு, நான் தேனிக்குத் திரும்பினேன். தோட்டத்தில் ஆள் இறக்கிவிட்டு வந்த அண்ணன், கம்பம் பேருந்து நிலையம்வரை என்னை ஜீப்பில் கொண்டுவந்தான். இருபுறமும் பந்தல்கள், ஒரு பந்தலில் குலைகள் கறுக்கத் தொடங்கியிருந்தன. பாதி வழிவரை திராட்சை விலையையும், மேகமலைப் பக்கம் மழை இருட்டுவதையும் பேசினான். பிறகு வண்டியை மெதுவாக்கினான். பார்வை சாலையிலேயே இருந்தது.

"நான் வாங்குனது தப்பாப் போச்சு" என்றான். "படத்துல நல்லாத்தான் இருந்துச்சு."

என் நிபந்தனையை இவனிடம் நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் இந்த நேரத்தில் அதை நானே வாபஸ் வாங்கியிருப்பேன்.

"நீ நல்லது நினைச்சுத்தான் வாங்குனண்ணே. பொருள்தான் சரியில்ல."

"இது?"

"இது சரியான பொருள். கையில ஒரு நாள் கட்டிப் பாத்தாச்சு. ஒண்ணும் பண்ணல."

அவன் தலையாட்டினான். நிலையத்துக்குள் வண்டியைத் திருப்பி, தேனிப் பேருந்துக்குப் பின்னால் நிறுத்தினான். நான் இறங்கி, புத்தகப் பையை எடுத்துக்கொண்டபோது, ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"ஒரு நாளுல தெரியுமா? அவகிட்டச் சொல்லு, வேணும்னா இன்னும் ரெண்டு மூணு நாளு கட்டிப் பாக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

"அத நீயே சொல்லு" என்றேன்.

"சொல்றேன்" என்றான்.